டெண்டர் வாசலில் நின்றவனுக்கு

பொடியா,

இன்று காலையில் நம் தெருச் சாக்கடையைத் திறந்தார்கள். டவுன் பஞ்சாயத்து ஆட்கள் வந்து கடப்பாரை போட்டு மூடுகல்லை நெம்பித் தெருவில் சாய்த்தார்கள். வருசக்கணக்கில் மூடிக் கிடந்த கறுப்புத் தண்ணீரின் நாற்றம் வீட்டுக்குள் நுழைந்து அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் ஓடவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். மற்றவர்களுக்குச் சாம்பிராணிப் புகையிலும் பூ வாசத்திலும் செத்தவர்கள் ஞாபகம் வருமாம். எனக்கு உன் ஞாபகம் சாக்கடை நாற்றத்தில்தான் வருகிறது. இந்தச் சாக்கடைக்காகத்தானே நீ செத்தாய்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த உன் மாமா குரல் கொடுத்தார். "என்னாடி, தெருவையே வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா?"

"சாக்கடையைத் தொறந்திருக்காங்க. அடைச்சுக்கிச்சாம்."

"செவுத்துக் கட்டு வுட்டிருக்கா?"

"கட்டு அப்படியேதான் இருக்கு. கடப்பாரைதான் வளைஞ்சுது."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இத்தனை வருசத்தில் உன் பேரை அவர் வாயால் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் 'அவன்' என்பார். நான் உன்னைத் திட்ட வேண்டும் என்றாலும் தனியாகத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அஞ்சாங்கிளாஸ் படிப்பு, உனக்கு அதுவும் இல்லை. தப்பாக எழுதினாலும் நீ கண்டுபிடிக்க மாட்டாய் என்கிற தைரியம்.

உன்னைப் பொடியன் என்று கூப்பிட ஆரம்பித்தது அக்கா நான்தான். அம்மா போனபோது நீ என் இடுப்பு உயரம்கூட இல்லை. சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமக்கப் போகும்போது உன்னையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். அரியலூர்ப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாகக் கல் வந்து இறங்கும். அதை உடைத்து, அடுக்கி, வேகவைத்து, வெந்த கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விடுவோம். தண்ணீர் பட்டதும் கல் சீறிக்கொண்டு கொதிக்கும். அந்தப் பக்கம் போகாதே என்று உன்னை எத்தனை தடவை அடித்திருப்பேன்.

ஒரு நாள் நான் கூடையைக் கீழே போட்டுவிட்டேன் என்று காளவாய் மேஸ்திரி என் முதுகில் பிரம்பால் இழுத்தான். உனக்கு அப்போது மீசை முளைக்கவில்லை. நீற்றாத சுண்ணாம்புத் தூளை இரண்டு கையாலும் அள்ளி அவன் முகத்தில் அடித்தாய். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு குடத்தைத் தேடி ஓடித் தண்ணீரை முகத்தில் ஊற்றினான். தண்ணீர் பட்ட பிறகுதான் அவன் அலறல் ஆரம்பித்தது. ஒரு கண் போயே போய்விட்டது.

காளவாய்க்காரர் வந்தார். நம்மைக் கட்டிவைத்து உரிப்பார் என்று நான் உன்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் உன் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"யாருடா இவன்?"

"சித்தாளு தம்பிங்க."

"இவனை எவனும் அடிக்காதீங்கடா. சோறு போட்டு வளருங்க. இந்த மாதிரி கை நமக்கு வேணும்."

மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன்னை வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. நம் குடும்பத்தில் அடி வாங்காத ஆள் ஒருத்தன் வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அப்புறம் நீ வளர்ந்தாய். கதவு மாதிரி ஆனாய். அந்த உடம்பை நான் "பொடியா" என்று தெருவில் கூப்பிடும்போது பிள்ளைகள் சிரிக்கும். உன் எதிரில் சிரிக்காது.

காளவாய்க்காரருக்குச் சுண்ணாம்பு ஒரு தொழில், டவுன் பஞ்சாயத்து இன்னொரு தொழில். ரோடு, சாக்கடை, குழாயடி, சந்தைக் கொட்டகை, எது போட்டாலும் அவர்தான் போட்டார். அவர் கவுன்சிலர் கிடையாது. கவுன்சிலர்கள் அவரைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் முறைப்படி நடக்கும். கவுன்சிலில் தீர்மானம் போடுவார்கள், தெருவில் தமுக்கு அடிப்பார்கள், ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். டெபாசிட் கட்டியவன் எவன் வேண்டுமானாலும் தன் ரேட்டை எழுதி, கவரை அரக்கு வைத்து ஒட்டி, அதிகாரி அறையில் இருக்கும் தகரப் பெட்டியில் போடலாம். மூணு மணிக்கு எல்லார் எதிரிலும் பெட்டியைத் திறந்து, குறைந்த ரேட்டுக்காரனுக்கு வேலையைக் கொடுக்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். பெட்டிக்குப் போகிற வாசலில் நீ நின்றாய்.

கான்ட்ராக்டர்கள் முதல் நாளே காளவாயில் கூடி, இது உனக்கு அது எனக்கு என்று பேசி முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சுக்கு வராத புது ஆள் எவனாவது கவரோடு வந்தால் அவனுக்குத்தான் சோடா. ஆபீஸ் படிக்குப் பக்கத்தில் வேப்பமரம், மரத்தடியில் பெஞ்சு, பெஞ்சுக்குக் கீழே சோடாப் பெட்டி. நீ ஒரு பாட்டிலை எடுத்துக் கோலிக் குண்டை அமுக்கிப் பொங்க வைத்து நீட்டுவாய். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிச்சிட்டு உக்காருங்க." வாங்கிக் குடித்தால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். கவரை உன் கையில் கொடுத்துவிட்டு மூணு மணி வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கவர், உள்ளே அதிகாரிக்கு எதிர் நாற்காலியில் இருக்கும் காளவாய்க்காரர் கைக்குப் போய்விடும். சோடா வேண்டாம் என்றால் அதே பாட்டில் மண்டைக்கு வரும். அதிகாரி அறைச் சன்னல் அந்த மரத்துப் பக்கம்தான் இருந்தது. டெண்டர் நாளில் மட்டும் அதைச் சாத்தி வைப்பார்கள்.

'சோடா குடிச்சிட்டான்' என்றால் அடங்கிப் போய்விட்டான் என்று நம் ஊரில் அர்த்தமே ஆகிவிட்டது. பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு டீக்கடைக்கு வருகிறவனைக்கூட, "என்னடா, வூட்ல சோடா குடிச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்பார்கள்.

தா.பழூர்ப் பக்கத்து ஆள் ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா. வெள்ளைச் சட்டை போட்டு, அக்குளில் குடையை இடுக்கிக்கொண்டு. ஆபீஸ் மதிலுக்கு நான் அன்றைக்கு மணல் சுமந்துகொண்டிருந்தேன். நீ பாட்டிலை நீட்டினாய். அவர், "எனக்கு சோடா ஒத்துக்காது தம்பி, வாயு" என்று சிரித்துக்கொண்டே படியேறினார். அவருக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது என்று நினைக்கிறேன். அவர் சிரிப்பு முடிவதற்குள் பாட்டில் உடைந்தது. வெள்ளைச் சட்டை முதுகு வரைக்கும் சிவந்துபோனது. குடையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் நீ வீட்டுக்குச் சாப்பிட வந்தாய்.

"செத்துட்டானாடா?" என்று கேட்டேன்.

"எங்க சாவறான். தையல் போட்டா பொழைச்சுப்பான்."

"உனக்கு அவன் என்னடா பண்ணான்?"

"சோடா வேணாம்னான்."

"என்கிட்டயே கேலியா?"

"கேலி இல்லக்கா. அவன் வேணாம்னதும் பெஞ்சில இருந்தவங்க அத்தன பேரும் என் கையைப் பாத்தாங்க. அப்ப நான் என்ன பண்றது சொல்லு. கொழம்பு ஊத்து."

நான் ஊற்றினேன். உன் விரலிடுக்கில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. ஊக்கால் கிளறி எடுத்தேன். அப்போது நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு "மெதுவாக்கா" என்றாய். உன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, அந்த விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்ட வேண்டும் போலவும் இருந்தது. மஞ்சள்தான் வைத்தேன்.

அந்த வருசம் ஐப்பசி மழையில் நம் தெருமுனைப் பாலம் விழுந்தது. செட்டிகுளத்திலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றி வந்த வண்டி பாலத்து மேல் ஏறியதும் நடுவில் இடிந்து உள்ளே போய்விட்டது. வண்டிக்காரர் சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். வெளியே எடுக்கும்போது இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு மாடு கால் முறிந்து கத்திக்கொண்டே கிடந்தது. அதைக் கோடாலியால் முடித்தார்கள். வண்டிக்காரர் பெண்டாட்டி வந்து வெங்காயத்துக்கு நடுவில் விழுந்து புரண்டு அழுகிறாள், நம் தெரு ஆட்களே அவளைச் சுற்றிக் குனிந்து மடியில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். உன் மாமா ஒருத்தியின் மடியை இழுத்து உதறி அவளை ஓங்கி உதைத்தார். பெண்பிள்ளையை அவர் உதைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பாலத்தைக் கட்டிய கொத்தனார் அவர்தான். காளவாய்க்காரருக்குக் கூலிக்குக் கட்டினார். கலவையில் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை என்று அப்போதே போய்ச் சொன்னார். "உனக்குக் கூலி கட்டறதுக்கு. பேசறதுக்கு இல்ல" என்று பதில் வந்தது. பாலம் விழுந்த அன்று ராத்திரிச் சோறு அவர் தின்னவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டார், நெற்றி வீங்கிவிட்டது.

புதுப் பாலமும் தெரு முழுக்கச் சாக்கடையும் சேர்த்து ஒரே வேலையாகக் கவுன்சிலில் தீர்மானம் ஆனது. தமுக்குச் சத்தம் கேட்டதுமே உன் மாமா சொல்லிவிட்டார். "இதை நான் எடுத்துக் கட்டுவேன். அந்தாளு மறுபடி கட்டினா மறுபடி ஒருத்தன் சாவான். அவன் சாவுல என் கரண்டி இருக்கக் கூடாது."

நீ விசயம் தெரிந்து வீட்டுக்கு ஓடி வந்தாய். அவர் முற்றத்தில் குளித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்த ஒண்ணை விட்ருங்க. வேற வேலை நானே பேசி வாங்கித் தரேன்."

"நீ வாசல்ல நில்லு மாப்ள. நான் உள்ள போறேன். அவங்கவங்க பொழப்பு அவங்கவங்களுக்கு."

"வாசல்ல நிக்கறது நான்னு தெரிஞ்சுமா வரீங்க?"

"நீ நிக்கற தைரியத்துலதாண்டா வரேன். பொண்டாட்டி தம்பி இருக்கற எடத்துல எம் மேல எவன் கை வெப்பான்?"

போகும்போது என்னை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போய்ச் சொன்னாய். "அக்கா, அன்னிக்கு நான் மட்டும் இல்ல. வெளியூர் ஆளுங்க வராங்க. சாக்குல சுத்தி அரிவா கொண்டாருவானுங்க. அவனுங்களுக்கு மாமாவும் தெரியாது, நீயும் தெரியாது. எப்பிடியாவது தடுத்துரு."

நான் தடுத்துப் பார்த்தேன். நீ சொன்னதையும் அப்படியே சொன்னேன். அவர் கேட்கவில்லை. அவருக்கு அந்த வண்டிக்காரர் கண்ணை விட்டுப் போகவில்லை. கடைசியில் நானும் கூடவே போவது என்று முடிவு பண்ணினேன். நான் நிற்பதைப் பார்த்தால் நீ எப்படியாவது அவரைக் காபந்து பண்ணுவாய் என்று நினைத்தேன்.

டெண்டர் அன்றைக்கு அவர் முதல் பஸ்ஸில் பெரம்பலூர் போய் டெபாசிட் கட்டிய சீட்டோடு திரும்பி வந்தார். மத்தியான வெயில். ஆபீஸுக்கு எதிரே சைக்கிள் கடை ஓரம் நான் நின்றேன். பெஞ்சில் முன்பின் பார்க்காத மூன்று பேர், ஆளுக்கொரு சாக்குச் சுருட்டு மடியில். நீ படியில் நின்றாய். உன் மாமா கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நேராக உன்னிடம் வந்தார்.

"வாங்க மாமா. வெயில்ல வந்திருக்கீங்க. சோடா குடிங்க."

அவர் பாட்டிலைப் பார்த்தார். "இது யாரு வூட்டு சோடா மாப்ள?"

"என் காசு மாமா. என் கையால குடுக்கறேன்."

"அப்ப சரி. பொண்டாட்டி தம்பி குடுத்ததை வேணாம்னா வூட்ல எனக்குச் சோறு கெடைக்காது."

பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் அண்ணாந்து கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். உன் முகத்தில் ரத்தம் திரும்பியது எனக்குத் தெரு தாண்டித் தெரிந்தது. குடித்துவிட்டார், இனி உட்கார்ந்துவிடுவார், தப்பித்தார் என்று நீ நினைத்தாய். அவர் அப்படி நினைக்கவில்லை. நீ உன் காசு என்று சொன்ன பிறகு அது காளவாய்க்காரர் சோடா இல்லை, மச்சினன் வீட்டு உபசாரம். அதைக் குடித்ததற்கும் டெண்டருக்கும் என்ன சம்பந்தம். சோடாவை மறுத்தவன் உண்டு. குடித்து அடங்கியவன் உண்டு. குடித்துவிட்டு உள்ளே போனவன் நம் ஊரில் அதுவரைக்கும் கிடையாது.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை உன்னிடமே திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார் பார், அது இல்லாமல் இருந்திருக்கலாம். "வாலாட்டிச் சம்பாதிச்ச காசா இருந்தாலும் சோடா ருசியாத்தான் இருக்கு மாப்ள." சொல்லிவிட்டுப் படியில் காலை வைத்தார்.

பெஞ்சிலிருந்து மூன்று பேரும் எழுந்தார்கள். ஒருத்தன் சாக்கை உதறினான். அரிவாள் வெயிலில் பளிச்சென்றது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் நீ பாய்ந்துவிட்டாய். பாட்டிலின் அடிக்கட்டையால் அவர் தோளில் இறக்கினாய். காரை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. படியிலிருந்து உருண்டு மண்ணில் விழுந்தார். விழுந்தவர் தலையில் இன்னொரு அடி, காதோரம். பாட்டில் சில்லு சில்லாகப் போனது. மண்ணில் ரத்தம் ஊறியது. சாக்குக்காரர்கள் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு வேலை மிச்சமில்லை.

நான் ஓடி வந்தேன். ரோட்டுப் புழுதியை இரண்டு கையாலும் வாரி உன் முகத்தில் அடித்தேன். "உன் கை அழுகிப் போவ. உனக்கு நல்ல சாவு வராதுடா" என்று கத்தினேன். ஊரே பார்த்தது. அதற்காக இன்றைக்கு வரைக்கும் நான் வருத்தப்படவில்லை. அதே இடத்தில் அதே மாதிரி இன்னொரு தடவை நடந்தால் இன்னொரு தடவை வாரித் தூற்றுவேன்.

நீ கண்ணில் விழுந்த மண்ணைக்கூடத் துடைக்கவில்லை. "அக்கா, மாமாவைத் தூக்கிட்டுப் போ. இப்பவே போ" என்றாய். குனிந்து அவர் சட்டைக்குள்ளிருந்து கவரை உருவினாய்.

"கிழிச்சுப் போடு" என்றான் சாக்குக்காரன்.

"உள்ள காளவாய் அண்ணன் கையில குடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாய்.

உள்ளே நடந்தது ஆபீஸ் பியூன் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். காளவாய்க்காரர் அதிகாரியோடு பேசிக்கொண்டே, உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினாராம். எப்போதும் போல நீ கவரை வைப்பாய் என்று. நீ அந்தக் கையைத் தாண்டிப் போய்த் தகரப் பெட்டிக்குள் கவரைப் போட்டாயாம்.

"என்னடா பண்ணே?" என்றாராம்.

"டெண்டர் போட்டேங்க" என்றாயாம்.

பெட்டி பூட்டியிருந்தது. சாவி, மூணு மணிக்குத் திறக்க வருகிற மேலதிகாரி கையில். மேலதிகாரி வருகிற வரைக்கும் நீ பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாயாம், கண்ணெல்லாம் மண்ணோடு. மூணு மணிக்குப் பெட்டியைத் திறந்து, ரத்தம் ஒட்டின கவரைப் பிரித்துப் படித்தார்கள். உன் மாமா ரேட்தான் குறைச்சல். வேலை அவருக்கு என்று எழுதினார்கள். அவர் அப்போது மாட்டு வண்டியில் என் மடியில் நினைவில்லாமல் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் நான் அவரோடு இருந்தேன். நீ ஒரு நாள் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். உள்ளே வந்திருந்தால் நானே விரட்டியிருப்பேன். அதற்கு அடுத்த வாரம் பட்டப்பகலில் காளவாயிலிருந்து ஆள் வந்து கூப்பிட, நீயும் கிளம்பிப் போனாயாம். ஊரை விட்டுப் போயிருக்கலாம். பூலாம்பாடியில் உன் சிநேகிதன் வீடு இருந்தது. நீ காளவாய்க்கே போனாய்.

சாயங்காலம் கொதிக்கிற சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து உன்னை இழுத்துப் போட்டார்கள். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தோல் துணி மாதிரி கழன்று வந்தது. தலைகுப்புறப் போயிருந்தாய், பாதம் இரண்டும் தொட்டி விளிம்புக்கு மேலே நின்றதால் அது மட்டும் பழையபடி இருந்தது. அந்தப் பாதத்தைப் பார்த்துத்தான் நீ என்று சொன்னேன். "குடிச்சிட்டு உள்ள வுழுந்துட்டான்" என்று எழுதிக்கொண்டார்கள். நீ குடிக்க மாட்டாய். கணுக்காலில் கயிறு அறுத்த தடம் இருந்தது. போலீஸ்காரருக்குத் தொட்டுக் காட்டினேன். "செருப்பு வார் தடம்மா அது" என்றார். நீ ஆயுசுக்கும் செருப்பு போட்டதில்லை. அதைச் சொன்னேன். "சரி, போம்மா" என்றார்.

உன் மாமா கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். கரண்டியை வலது கையால் பிடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல நான் கலவை போட்டேன், நானே பூசினேன். ஈரம் காயாத சுவரை இரண்டு தடவை வந்து கடப்பாரையால் இடித்தார்கள். மூணாவது தடவை வந்தபோது நான் கதிர் அறுக்கிற அரிவாளோடு சாக்கடைக்குள் இறங்கி நின்றேன். "இடிங்கடா. இதுக்குள்ளயே என்னையும் போட்டு மூடுங்க" என்றேன். அவர்களில் ஒருத்தன், "பொடியன் அக்காடா, போதும்டா" என்று மற்றவனை இழுத்துக்கொண்டு போனான். ஓவர்சியர் அளந்தார், குறை சொன்னார், மறுபடி அளந்தார். எப்படியோ வேலை முடிந்தது. பாலத்து மேல் இன்றைக்கு வரைக்கும் லாரி போகிறது. காளவாய்க்காரர் வயசாகிப் படுக்கையில் செத்தார். பஞ்சாயத்து ஆபீஸுக்கு அரை நாள் லீவு விட்டார்கள்.

உன் மாமாவுக்கு அந்தப் பக்கக் காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. நான் என்னைக்காவது உனக்காகப் பேசினால் அவர் சொல்வது இதுதான். "மொத அடியில நான் வுழுந்துட்டேன். அரிவாக்காரன்கிட்டேருந்து காப்பாத்தத்தான் அடிச்சான்னு நீ சொல்ற, சரி. வுழுந்தவனை எதுக்கு அடிச்சான்? அது கோவம். கவரைப் போட்டது நீ மண்ணை வாரித் தூத்தினியே, அந்தப் பயம்." நான் சொல்வேன், நீங்கள் அசைந்துகொண்டிருந்தீர்கள், எழுந்து மறுபடி படியேறியிருப்பீர்கள், சாக்குக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் திருப்தியாக வேண்டாமா என்று. சொல்லும்போது எனக்கே அது பாதிதான் நம்பிக்கை. அந்த வாசலில் நீ அடித்ததை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒருத்தனுக்கும் நீ இரண்டு தடவை கை ஓங்கியதில்லை. அவர் வாலாட்டிய காசு என்று சொன்னதையும் நான்தான் கேட்டேன், அப்போது உன் முகம் போன போக்கையும் நான்தான் பார்த்தேன்.

உன் மாமாவிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. செத்த உன் உடம்பைவிட அதைத்தான் நான் அதிகம் சுமந்துகொண்டு திரிகிறேன். சமைக்கும்போது, குழாயடியில் குடம் நிரம்பக் காத்திருக்கும்போது, அதுதான் வந்து நிற்கிறது. முதல் அடி விழுந்து அவர் உருண்டதும் நீ நிமிர்ந்தாய். தெருவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாய். ஒரு மூச்சு விடுகிற நேரம் நாம் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அதற்கப்புறம்தான் குனிந்து மறுபடி கையை ஓங்கினாய்.

என்னைப் பார்த்த பிறகு எதுக்குடா பொடியா அந்த ரெண்டாவது அடி?